பழைய மோட்டார் சைக்கிளும் இரண்டு நண்பர்களும்

மாதச் சம்பளக்காரர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, நண்பரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தால், வீட்டிலுள்ளவர்கள் சும்மா இருப்பதில்லை. காயலான் கடைக்குப் போகவேண்டியதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாரே என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதி நியாயம் அந்த நண்பர்கள் பக்கம் இருக்கிறது.

பங்காருபாளையம் போன்ற ஊரில் இந்த ஆசை பிறப்பதில் வியப்பில்லை. சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே, சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பழைய நெடுஞ்சாலையின் மேல் அமைந்த ஊர் இது. பழைய உதிரிபாகம் வேண்டுமானால் கிழக்கே சென்னைப் புதுப்பேட்டை, மேற்கே பெங்களூர். இரண்டுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய பாட்டரியோ இதே மண்டலத்தில், நுனேகுண்டலப்பள்ளியில் உள்ள அமர ராஜா ஆலை வளாகத்தில் தயாராகிறது. மெக்கானிக் 'பண்டி' என்பார். தமிழர் 'வண்டி' என்பார். ஒரே எழுத்துதான் வித்தியாசம். வேலை நடந்துவிடும்.

பழைய வண்டிகளும் தூரத்து உறவல்ல. 1950களில் ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட் வாங்கியதைத் தொடர்ந்து, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் அதன் ஆலை எழுந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் ஜாவாவையும், 1973 முதல் யெஸ்டியையும் செய்து விற்றது; 1996-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் உற்பத்தியும் நின்றது. இன்று தெருவில் கேட்கும் பழைய 'டப டப' சத்தமும் 'டர்ர்' சத்தமும் பெரும்பாலும் இந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை.

பழையது என்றால் மலிவு என்று எண்ணி இறங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். நல்ல நிலையிலுள்ள ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். வரியும் இன்ஷூரன்ஸும் சேர்த்து முக்கால் லட்சத்தைத் தாண்டும் புது வண்டியோடு ஒப்பிட்டால், கணக்கில் பழையது தோற்றுத்தான் போகும். ஆனால் பழைய வண்டியில் கிடைப்பது வேறு. அதில் கம்ப்யூட்டர் இல்லை. கார்புரேட்டர், பாயின்ட், காயில், பிளக் என்று எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடியவை. நாள் முழுவதும் மாங்கூழ் ஆலையில் பெட்டி அடுக்குகிறவருக்கும், கணக்குப் புத்தகத்தில் கூட்டல் போடுகிறவருக்கும், தன் கையால் ஒன்றைப் பிரித்துத் தன் கையாலேயே ஓட வைப்பது சின்ன விஷயமல்ல. செய்கிற வேலை இன்னொருவருக்கும், செய்த பொருள் எங்கோ தூரத்துக்கும் போகிற வாழ்க்கையில், இது ஒன்றாவது கண் முன்னே நிற்கிறது.

குறை சொல்லவேண்டியது வேறு இடத்தில். கையில் பணம் வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் மாற்றுவது சைலென்சர். அடுத்து ஹாண்டில்பார், அகல டயர், பெயின்ட், நம்பர் பிளேட்டில் சித்திர எழுத்து. பிரேக் ஷூ தேய்ந்து கிடக்கும். வயர்கள் டேப் சுற்றித் தொங்கும். ஹெட்லைட் அகல் விளக்குப்போல எரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கெல்லாம் பணம் போகிறது. உயிரைக் காக்கிற இடத்துக்கு வரும்போது பை காலி.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலென்சரின் குடலை உருவுவது முட்டாள்தனமும்கூட. அந்த என்ஜினில் புகைக்குழாய் வெறும் வாய்க்கால் அல்ல. அது என்ஜினின் மூச்சில் ஒரு பகுதி. அதன் நீளமும் வடிவமும் சேர்ந்துதான் புதிதாக உள்ளே வந்த பெட்ரோல் ஆவி எரியாமல் வெளியே ஓடிவிடாமல் தடுக்கின்றன. அதைக் கெடுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும், பெட்ரோல் செலவு ஏறும். பல நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலென்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். கொடுத்த காசு தகடாகிப் போனதுதான் மிச்சம்.

பங்காருபாளையத்துக்காரர்களுக்கு மொகிலி காட் ரோட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் மாண்டது அந்த வழியில்தான். பலமநேர் மேட்டிலிருந்து இறங்கும்போது பழைய டிரம் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். கியரைக் குறைத்து என்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கவேண்டும். அதிலும் யெஸ்டி, ஜாவா போன்ற, பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் வண்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை அடியோடு மூடிவிட்டால் என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் சரியாகப் போகாததால் எண்ணெயும் போகாது. பிஸ்டன் வறண்டு 'ஜாம்' ஆகிவிடும். பின்சக்கரம் அப்படியே நிற்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இறக்கத்தில் நடுநடுவே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுவார்கள். இன்றைய இளைஞர்களில் பலருக்கு இது தெரியாது. அவர்கள் ஓட்டிப் பழகியது வேறு வண்டி.

பழைய புல்லட்டிலும் இதே போன்ற ஆபத்து இருக்கிறது. அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரண்டு நண்பர்களில் ஒருவர் அதற்குப் பழகியவர், மற்றவர் புது வண்டிக்குப் பழகியவர் என்றால், திடீரென்று ஆடு குறுக்கே ஓடும்போது அந்த இரண்டாமவரின் வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். வண்டியை மாறி மாறி ஓட்ட எண்ணுகிறவர்கள் காலி மைதானத்தில் சில நாட்கள் பழகிய பிறகே ரோட்டுக்கு வரவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்து பெயர் வாங்கிய நண்பர்களும் உலகத்தில் உண்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ரெக்ஸ் மெக்கான்ட்லஸ், ஆர்ட்டி பெல் என்று இருவர். நண்பர்கள், தொழிலிலும் கூட்டாளிகள். மெக்கான்ட்லஸ் தன் ட்ரையம்ப் வண்டியின் பின்பக்க ஆட்டத்தைப் பொறுக்கமாட்டாமல் அதற்கு ஸ்பிரிங் அமைப்பைத் தானே செய்து மாட்டியவர். அந்த ஆராய்ச்சி நீண்டு, புதிதாக ஒரு சேசிஸ் சட்டமே உருவாயிற்று. நார்டன் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்த ஹாரல்ட் டேனியல் என்ற பந்தய வீரர் இறகு மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்றாராம். அதுவே அந்தச் சட்டத்துக்குப் பெயராகிவிட்டது. 1950-ல் ஐல் ஆஃப் மான் தீவின் ஜூனியர் பந்தயத்தில் அதே ஆர்ட்டி பெல் அந்த வண்டியில் வென்றார். அவர்கள் கவலைப்பட்டது வண்டி வளைவில் நிற்குமா என்பதைப் பற்றி. பெயின்ட் பற்றி அல்ல.

இனி சட்டம். இதில்தான் வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் திருத்த வேண்டும். என்ஜினை மாற்றினால் சொல்லவே வேண்டாம். ரசீது இல்லாமல் வாங்கிய என்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் நண்பர்கள் இருவரும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க நேரும்.

பெயின்ட் அடிக்கிறவர்கள் சேசிஸ் நம்பரின் மேல் பட்டி பூசி மூடிவிடுவது இன்னொரு தொல்லை. 15 ஆண்டு முடிந்த வண்டியின் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். அப்போது இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது அந்த நம்பரைத்தான். கட்டணமும் ஏறியிருக்கிறது: 300 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 1,000 ஆயிற்று, 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆயிற்று. பழைய வண்டிகளையெல்லாம் 15 ஆண்டோடு பிடுங்கிக்கொள்வார்கள் என்று டீக்கடையில் பேசுவது தவறு. பெட்ரோல் வண்டிக்கு அந்த 15 ஆண்டுத் தடை பேசப்பட்டது டில்லி போன்ற சில வட்டாரங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டு நம்பர் வண்டியை ஆந்திராவில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால், தடையில்லாச் சான்று வாங்கிவந்து இங்கே மறுபதிவு செய்யவேண்டும். ஊரிலிருந்து மச்சான் கொடுத்தது, மாமா கொடுத்தது என்பது செக்போஸ்டில் செல்லாது. பெயர் மாற்றாமல் ஓட்டுவதோ அதைவிட மோசம். விற்றாகிவிட்டது என்று சொன்னாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே கூட்டாகப் பணம் போடும் நண்பர்கள், வண்டி யார் பெயரில் என்பதையும், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதையும், ஒருவர் வேலை மாறிப் போனால் என்ன செய்வது என்பதையும் முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே எழுதிக்கொள்வது நல்லது. நண்பனிடம் எழுத்தா என்று கூச்சப்படுகிறார்கள். வண்டி சேர்த்த நட்பை வண்டியே பிரித்துவிடும்போது அந்தக் கூச்சம் உதவிக்கு வராது.

சர்க்கார் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2021-ல் கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டைத் தாண்டி, பழைய வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு கிடைக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. காட்சிக்கு வைக்கிற செல்வருக்கு அது சரி. ஆலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர், நல்ல பிரேக்கும் நல்ல விளக்கும் போட்டு ஒழுங்காக ஓட்ட விரும்பினால், எதைக் கேட்டுச் செய்யவேண்டும், எதைக் கேட்காமல் செய்யலாம் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர்தான் அவருக்கு வழிகாட்டி. சத்தம் போடும் சைலென்சருக்கும், வெளிச்சம் தரும் விளக்குக்கும் ஒரே பயம்தான் அவருக்கு.

சித்தூர் போக்குவரத்து அலுவலகம் ஒரு தாளில், தெலுங்கிலும் தமிழிலும், மூன்று பத்தி அச்சடிக்கலாம்: தாராளமாக மாற்றக்கூடியவை, அனுமதி பெற்று மாற்றவேண்டியவை, தொடவே கூடாதவை. அலுவலகத்தில் ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். பங்காருபாளையத்திலும் பலமநேரிலும் உள்ள மெக்கானிக் ஷெட்டுகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கட்டும். அங்கே காலண்டர் மாட்டிய ஆணி ஏற்கெனவே இருக்கிறது.