பற்றவைத்தால் போதுமா?

2025 ஏப்ரல் 6 அன்று ராமேஸ்வரம்–தாம்பரம் ரயில், புதிய பாம்பன் பாலத்தில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாலத்தின் வெல்டிங் இணைப்புகளை மீயொலியால் சோதித்தார்கள். ஏன்? மேலே பளபளன்னு தெரிகிற வெல்டுக்குள்ளேயும் விரிசல் ஒளிந்திருக்கும்; ஓயாத அதிர்வு அதை வளர்க்கும்.

சாதாரண புரோப் தன்னைச் சுற்றியுள்ள சிறு இடத்தைத்தான் பார்க்கும். வழிநடத்தப்பட்ட மீயொலி அலையோ தகட்டையே பாதையாக்கிப் பல மீட்டர் ஓடி, விரிசலில் பட்டுத் திரும்பும். ஆனால் நல்ல வெல்டும் எதிரொலி தரும்! இரண்டையும் பிரித்தறியத்தான் பயிற்சி வேண்டும். கிண்டி பக்கத்து ஐ.ஐ.டி.யில் இந்த ஆய்வு நடக்கிறது.

நாளைக்கு சைட்டில் புரோப் பிடிக்கப்போவது நாமதானே? ஜாப் முடித்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் போதாது. போட்ட வெல்டைச் சோதிக்கவும் பிராக்டிகல் வேண்டும். சேர்ந்து கேட்போம்!