வீட்டுக் கூடத்தில் எந்த அரசர்?

எகிப்து தேசத்துப் பண்டை அரசர்களின் பிரதிமைகள் நம் மதுரை நண்பர் சிலரது வீட்டுக் கூடங்களையும் அலங்கரிக்கின்றன. ஒரு மேசைமேல் துட்டன்காமன். இன்னொன்றின்மேல் நெபர்டீட்டி அரசி. அழகை விரும்புதல் குற்றமாகாது. ஆயினும் அவ்வுருவங்களின் சரித்திரத்தை நேயர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

நெபர்டீட்டியின் சிலை 1912-இல் எகிப்திலுள்ள அமர்னாவில், துட்மோஸ் என்னும் சிற்பியின் பட்டறை இடிபாடுகளிடையே ஜெர்மானியரால் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது ஜெர்மனி சென்றது. 1924-இல் பெர்லினில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபின் எகிப்தியர் அதனைத் திருப்பிக் கேட்கலாயினர், இன்றளவும் கேட்கின்றனர். மூலம் அயலார் வசம். பிரதியோ உலகெங்கும் விலைக்கு. தன் மண்ணிலே அச்சிலையைக் காண விழையும் எகிப்தியன் பிரதியைக் கண்டே மனந்தேற வேண்டியிருக்கிறது!

நமக்கு அத்துர்ப்பாக்கியம் நேரவில்லை. மீனாட்சியம்மன் ஆலயத்தின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தில், நாயக்க மன்னர் பதின்மரின் சிலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வாளை ஓங்காமல், கை கூப்பிய கோலத்தில் நிற்கின்றன. திருமலை மன்னரின் பருத்த வயிற்றையுங்கூடச் சிற்பி மறைத்தானில்லை. நெடுங்காலம் தையற்காரரும் கடைக்காரரும் அவற்றைச் சூழ்ந்திருந்தனர். சித்திரைத் திருவிழாவுக்கு மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருவோர் எத்தனை பேர் அவற்றை ஏறிட்டு நோக்கினர்?

‘முடியரசு ஒழிந்த நாட்டில் மன்னர் உருவம் வீட்டிலே எதற்கு?’ என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் துட்டன்காமனும் முடி தரித்தவனன்றோ? நாம் போற்றக் கேட்பது மன்னரின் ஆட்சியையன்று; கருங்கல்லில் மனித முகத்தைக் கண்ட நம் சிற்பியின் கையை.

ஆகவே அறநிலையத் துறையினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கல்லைத் தீண்டாது ஒளியால் அளவெடுக்கும் முறை இன்று உளது. அவ்வளவைக் கொண்டு நம் சிற்பிகள் சிறு பிரதிமைகள் செய்யட்டும். ஒவ்வொன்றிலும் ‘பிரதி’ என்று பொறிக்கட்டும். வருவாயில் ஒரு பங்கு மண்டபத்தின் பராமரிப்புக்குச் சேரட்டும்.

எகிப்து அரசி நம் மேசையினின்றும் இறங்க வேண்டுவதில்லை. பக்கத்தில் மதுரை மன்னருக்கும் சிறிது இடம் விடுவோம். மூலத்தைப் பறிகொடுத்த பின்னர் பிரதிக்கு ஏங்குவதினும், மூலம் நம்மிடம் உள்ளபோதே அதன் அருமையை அறிதல் நன்று.