ஜன்னல் வழியே போர்ச்சுகல்

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, பொத்தான். காலையில் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் நாம் தொட்டுவிடும் பொருள்கள். இந்தப் பெயர்கள் எல்லாமே போர்ச்சுக்கீசியர்கள் நம் கடற்கரையில் இறங்கியபோது கூடவே இறங்கியவை. அன்னாசியும் கொய்யாவும் அப்படித்தான். பழமும் அவர்கள் கொண்டுவந்தது, பெயரும் அவர்கள் கொண்டுவந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் அண்ணன் மகள். தூத்துக்குடிப் பெண். பிரான்சில் துறைமுகம், சரக்குப் போக்குவரத்து சம்பந்தமான முதுகலைப் படிப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் நான்கு வாரம் போர்ச்சுகலின் கொயிம்ப்ரா நகரில் தங்கி, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் போர்ச்சுக்கீசிய மொழி வகுப்புக்குப் போய்வந்தாள்.

அவள் போவதற்கு முன் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. “படிக்கப் போன இடத்துல இன்னொரு படிப்பு எதுக்கு? ஊர் சுத்த ஒரு சாக்கு” என்றார் அண்ணன். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்விக் கடன் வங்கியில் நிற்கிறது. பிரான்சில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். விடுமுறை இரண்டு மாதமும் கடையில் நின்றால் அடுத்த வருட வாடகையில் ஒரு பகுதி தேறும். அதை விட்டுவிட்டு, கையில் இருப்பதையும் செலவழிக்கப் போகிறேன் என்றால் எந்த அப்பாவுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. “கப்பல் தொழிலுக்கு வரப்போறவளுக்குப் போர்ச்சுக்கீசு தெரிஞ்சா பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் எல்லாம் திறக்கும் அத்தை. இங்க எல்லாருக்கும் இங்கிலீஷும் பிரெஞ்சும் தெரியும். எனக்குன்னு ஒண்ணு வேணும்” என்றாள். கடைசியில் உடன்பாடு இதுதான்: ஜூலையில் வகுப்பு, ஆகஸ்டில் வேலை. ஊரிலிருந்து ஒரு ரூபாய் கேட்கக்கூடாது.

கொயிம்ப்ரா, லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் நடுவில், மொண்டேகு ஆற்றங்கரையில் ஒரு குன்றின்மேல் இருக்கும் ஊர். உச்சியில் பல்கலைக்கழகம். 1290-ல் மன்னர் தினிஸ் லிஸ்பனில் தொடங்கியது. இரண்டு ஊருக்கும் மாறி மாறி அலைந்து, 1537-ல் இங்கேயே நிலைத்தது. மன்னர்களின் பழைய அரண்மனைதான் இன்று வகுப்பறைகள். 2013-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கீழே இருந்து மேலே போக ஒரு படிக்கட்டு. அதன் போர்ச்சுக்கீசியப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘முதுகுடைச்சான் படி’. ஜூலையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் புத்தகப் பையோடு அதில் ஏறினால் பெயர்க்காரணம் விளங்கிவிடும். “தூத்துக்குடி வெயில்ல வளர்ந்தவ, சமாளிச்சுட்டேன்” என்றாள்.

அங்கே ஜொவானினா என்றொரு நூலகம். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. தங்க முலாம் பூசிய அலமாரிகள், கூரை வரை புத்தகங்கள். இரவில் அதைக் காவல் காப்பது வௌவால்கள்! புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளை அவை தின்றுவிடுகின்றன. அவற்றின் எச்சம் விழாமல் இருக்க, மாலையில் மேசைகளைத் தோல் விரிப்பால் மூடிவிடுவார்கள். காலையில் சுத்தம் செய்வார்கள். நூற்றாண்டுகளாக இதே ஏற்பாடுதான்.

மொழி வகுப்பில் அவளுக்கு ஆச்சரியம் முதல் வாரமே வந்தது. ஜன்னலுக்கு ‘ஜனேலா’, மேசைக்கு ‘மேஸா’, அலமாரிக்கு ‘அர்மாரியு’. மற்றவர்கள் மனப்பாடம் செய்ய, இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவிக்கு மட்டும் ‘ஷாவ்’ என்றார் ஆசிரியை. எங்கள் ஊரில் ‘சா’ என்று அழுத்திச் சொல்வோம் என்றாளாம் இவள். ஆசிரியை சொன்ன விளக்கம் எனக்கும் புதிது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்களும் அந்த எழுத்தை ‘ச்ச’ என்றுதான் உச்சரித்தார்கள். பிறகு அவர்கள் நாக்கில் அது ‘ஷ’ ஆகிவிட்டது. நாம் அவர்களிடமிருந்து வாங்கிய சொல்லில் அவர்களே தொலைத்த பழைய ஒலி பத்திரமாக இருக்கிறது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை இல்லை. அவர்கள் வீட்டில் காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொடுக்கும் கோழி சூப் ஒன்று உண்டு, அரிசி போட்டது. பெயர் ‘கான்ஜா’. நம் கரையோரத்துக் கஞ்சிதான் அது. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் ‘மாங்கா’வும் இங்கிருந்து போனதே. ஐரோப்பாவிலேயே அதிகம் சோறு சாப்பிடுகிறவர்களும் அவர்கள்தான் என்பதால் சாப்பாட்டுக்கு அவள் ஏங்கவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கீரை சூப் என்று நம்பி வாங்கினால் அடியில் இறைச்சித் துண்டு கிடக்கும்.

இனி ஊர் சுற்றிய கதை. நான்கு வாரத்தில் பத்து நாடு பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. மலிவு விமானம் பிடித்து வெள்ளிக்கிழமை இரவு பார்சிலோனா, அடுத்த வெள்ளி ரோம். வகுப்பில் உடன் படித்தவர்கள் சிலர் அப்படித்தான் போனார்கள், திங்கள்கிழமை வகுப்பில் தூங்கினார்கள். இவளிடம் அதற்குப் பணம் இல்லை. பஸ், ரயில் எட்டும் தூரம் மட்டுமே.

முதல் வாரம் 16 கிலோமீட்டரில் உள்ள கொனிம்ப்ரிகா. ரோமானியர் நகரத்தின் இடிபாடுகள். தரையில் சின்னச் சின்னக் கல் பதித்த ஓவியங்கள் இன்னும் கலையாமல் இருக்கின்றன. எதிரிகளுக்குப் பயந்து அவசர அவசரமாக மதில் எழுப்பியபோது, குறுக்கே இருந்த செல்வந்தர் வீடுகளையே இடித்திருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே பாதி வீடு நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

அடுத்த வாரம் போர்ட்டோ. 1886-ல் திறந்த இரட்டை அடுக்கு இரும்புப் பாலத்தில் மேலே மெட்ரோ ரயில், கீழே வாகனங்கள். சாவ் பெந்து ரயில் நிலையத்தின் முகப்புக் கூடத்தில் சுமார் 20,000 ஓடுகளில் நீல வண்ணத்தில் அந்நாட்டு வரலாறு. டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்.

மூன்றாம் வாரம் லிஸ்பன். 1755 நவம்பர் 1-ல் வந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் தீயும் நகரத்தின் பெரும்பகுதியை அழித்தன. நேர்கோட்டுத் தெருக்கள் இருக்கும் நடுப்பகுதி அதன்பின் கட்டியது. தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று பெலேம் பகுதியில் இருக்கும் ஜெரோனிமுஸ் மடாலயம். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான்.

அவள் போனது கல்லறையைப் பார்க்க அல்ல. 1554-ல் லிஸ்பனில் ஒரு சிறு கிறிஸ்தவப் போதனை நூல் அச்சானது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து, கூடவே போர்ச்சுக்கீசியப் பொருளும் தந்து, கறுப்பு, சிவப்பு என்று இரண்டு மையில் அச்சிட்டது. அச்சேறிய முதல் தமிழ் அதுதான். அதன் அறியப்பட்ட ஒரே பிரதி, மடாலயக் கட்டடத்தின் ஒரு பகுதியில் இயங்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. புதுப்பிப்பு வேலை நடந்ததால் அருங்காட்சியகம் மூடியிருந்தது. வெளிச் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அண்ணன் அதை மட்டும் தன் போனில் சேமித்து வைத்திருக்கிறார்.

நான்காம் வாரம் எங்கும் போகவில்லை. கொயிம்ப்ராவில் கறுப்பு அங்கி போர்த்திய ஆண்கள் கிட்டாரோடு பாடும் ஃபாது இசையைக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் இவள் கைதட்டப் போக, பக்கத்தில் இருந்தவர் தடுத்தாராம். அந்த ஊர் மரபுப்படி, பிடித்திருந்தால் தொண்டையைச் செருமுவார்களாம்!

அந்த வாரம்தான் ஆசிரியை வழியாக இன்னொரு பெயர் கிடைத்தது: ஹென்ரிக் ஹென்ரிக்ஸ். கொயிம்ப்ராவில் படித்துவிட்டு, 1540-களில் முத்துக்குளித்துறைக்கு வந்த பாதிரியார். நம் மீனவ மக்களிடம் தமிழ் கற்றார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்தது. 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். அவருடைய இலக்கணக் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கொயிம்ப்ராவிலிருந்து தூத்துக்குடிக் கரைக்கு வந்து ஒருவர் மொழி படித்திருக்கிறார். இவள் எதிர்த்திசையில் போயிருக்கிறாள்.

ஒரு மாதத்தில் மொழி வந்துவிட்டதா? இல்லை. கடையில் பேரம் பேசலாம், வழி கேட்கலாம், மெதுவாகப் பேசினால் புரியும். அவ்வளவுதான். வேலை கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆகஸ்ட் முழுக்கக் கடையில் நின்றும் ஜூலைச் செலவு முழுதாக ஈடாகவில்லை; இப்போதும் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிறாள். படிப்பை மட்டும் விடவில்லை. தினமும் அரை மணி நேரம் பிரேசில் துறைமுகச் செய்திகளை வாசிக்கிறாள்.

இப்படிப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில விவரங்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். 180 நாள்களில் 90 நாள்தான் தங்கலாம். ஏற்கெனவே பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டில் மாணவர் அனுமதியோடு இருப்பவர்களுக்கு இந்தக் குறுகியகாலப் பயணத்துக்குத் தனி விசா தேவையில்லை. அங்கே பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “எவ்வளவு செலவாகும்?” என்று கட்டாயம் கேளுங்கள். அடுத்து, “எத்தனை ஊர் பார்ப்பாய்?” என்று கேட்காமல், “எந்த ஊரில் தங்குவாய், அங்கே யாரோடு பேசுவாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் தெளிவான பதில் இருந்தால், அந்தப் பிள்ளை வெறுமனே ஊர் சுற்றப் போகவில்லை.