"அண்ணே, எந்த வேப் நல்லா உழைக்கும்?"

போன மாசம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் என் ரூம் கதவைத் தட்டினான். கையில் விரல் நீளத்துக்கு ஒரு நீல நிற வேப். சார்ஜ் ஏறவில்லை, நுனியில் லைட் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க ட்ரிபிள் ஈ தானே? இதைக் கொஞ்சம் பாருங்க. சரியாகாதுன்னா, மாத்துறதுக்கு எது வாங்கலாம்னு சொல்லுங்க. இது மூணாவது. நல்லா உழைக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

என்னிடம் வந்து கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் அதை இழுத்துக்கொண்டிருந்தவன்தான். அது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவனுக்குச் சொன்ன பதிலைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். அட்வைஸ் அங்கிள் வேலை இல்லை, பயப்படாம படிங்க.

அவன் கேட்டது நல்ல கேள்வி. ஒரு பொருள் கெட்டுப்போனால், அடுத்ததை நம்பி வாங்குவது எப்படி? நாலு வருஷமா நாம படிக்கிறதே கிட்டத்தட்ட அதைத்தானே.

எனக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்தது காலேஜ் இல்லை, அப்பா. எங்க ஊர் ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் பக்கம். அப்பா ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னாடியே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற அக்கா, அத்தைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் பூப்பாறைக்குப் போவார். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கில் ஒரு சாமான் போனால் அப்பா குறைந்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று தேட மாட்டார். போடியில் வழக்கமாக வாங்குகிற கடைக்குத்தான் போவார். ஏன்ப்பா என்று கேட்டதற்கு ஒருமுறை சொன்னார்: "வெலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்டா. கெட்டுப்போச்சுன்னா எவன் வந்து பதில் சொல்லுவான்னு பாரு."

இதை வைத்துக்கொண்டு அந்தத் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

முதல் கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது?

வேப் ஒரு எளிமையான சர்க்யூட்தான். ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு காயில், பஞ்சு, அதில் ஊறும் திரவம். பேட்டரி 3.7 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில் 1 ஓம் என்றால் சுமார் 13.7 வாட். அதே காயில் 0.5 ஓம் என்றால் 27.4 வாட், கரண்ட் 7.4 ஆம்பியர். காயிலின் ரெசிஸ்டன்ஸ் பாதியானால் பவர் இரண்டு மடங்கு. அந்தக் கரண்ட்டை அந்தக் குட்டி பேட்டரி தாங்குமா? ஷார்ட் ஆனால் கட் பண்ண புரொடக்ஷன் சர்க்யூட் இருக்கா? பெட்டியில் மாம்பழமும் ஐஸ் கட்டியும்தான் படமாக இருக்கிறது. டேட்டாஷீட் இல்லாத ஒரு ஐசியை ப்ராஜெக்ட் போர்டில் சொருக நமக்கே மனசு வராது. இதை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுகிறோம்.

திரவத்துக்கு வாங்க. புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், ஃப்ளேவர், நிக்கோடின். பஞ்சு காய்ந்த நிலையில் காயில் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு மாதிரி ஆல்டிஹைடுகள் உண்டாகும். தொண்டையைச் சுடுகிற அந்தக் கருகல் வாசனை உங்களுக்குத் தெரிந்திருந்தால், நான் சொல்வது புரியும். நிக்கோடின் அளவு இன்னொரு பிரச்சினை. ஐரோப்பிய யூனியனில் ஒரு மில்லி லிட்டருக்கு அதிகபட்சம் 20 மில்லிகிராம்தான் அனுமதி. நம்ம பசங்க கையில் சுற்றுவதில் '5%' என்று போட்டிருக்கும். அது உண்மையென்றால் அந்த வரம்பைப் போல இரண்டரை மடங்கு. உண்மையா என்று பார்த்துச் சொல்லத்தான் இங்கே ஆள் இல்லை.

இரண்டாவது கேள்வி: யார் சோதித்தது?

எங்க போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் நடக்கும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் வியாபாரிகளுக்கு மாதிரிக் காய் கொடுப்பார்கள். கையில் எடுத்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். பாயசத்தில் நாலு காய் தட்டிப்போடுகிற பொருளுக்கே இவ்வளவு பரிசோதனை. நேராக நுரையீரலுக்குள் போகிற பொருளுக்கு, இன்ஸ்டாவில் ஒரு ஐடி, "ஒரிஜினல் ப்ரோ" என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான்.

யாருமே சோதிக்காத சரக்கு என்ன செய்யும் என்பதற்கு 2019-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்க. வேப் பிடித்தவர்கள் மூச்சு விட முடியாமல் வரிசையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்ததாக அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. முக்கியக் காரணமாகத் தெரியவந்தது வைட்டமின் ஈ அசிட்டேட். பெரும்பாலும் நண்பர்கள், தெரு வியாபாரிகள், ஆன்லைன் ஆட்கள் மூலம் வந்த கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் அதைச் சேர்த்திருந்தார்கள். சாதாரண நிக்கோடின் வேப் எல்லாமே இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று வாங்கினவர்கள் யாருக்கும் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி, அப்பா கேட்டது: கெட்டுப்போனால் யார் பதில் சொல்வார்?

யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 2018-லேயே தடை. அடுத்து 2019-ல் மத்திய அரசின் சட்டம், நாடு முழுக்க. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை என்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டாக் வைத்திருந்தால் ஆறு மாசம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "மொத்தமா பத்து வாங்குனா சீப், பசங்களுக்கு நானே பிரிச்சுத் தர்றேன்" என்று கிளம்புகிற நண்பரே, சட்டத்தின் கண்ணில் நீங்கதான் வியாபாரி.

அதனால் இந்த ஊரில் 'நம்பகமான பிராண்ட்' என்கிற பேச்சுக்கே அர்த்தமில்லை. பில் கிடையாது, வாரண்டி கிடையாது, போய்ச் சண்டை போட ஒரு கவுன்ட்டர் கூடக் கிடையாது. பெட்டியில் அச்சடித்த பேர் நிஜமா போலியா என்று கேட்கவும் ஆள் இல்லை. நான் மூன்று வாங்கினேன். ஒன்று ரெண்டு மாசத்தில் செத்தது. ஒன்று கருகல் அடித்தது. மூன்றாவது பேண்ட் பாக்கெட்டிலேயே சூடானது. ஒவ்வொரு தடவையும் "இந்த வாட்டி நல்ல பிராண்டா பார்த்து வாங்கணும்" என்றுதான் நினைத்தேன். தப்பு என் செலக்ஷனில் இல்லை, மொத்தச் சந்தையிலும்தான் என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

இப்போ உங்க கேள்வி எனக்குக் கேட்கிறது. "டீக்கடையில சிகரெட் தொங்குது, அது ஓகே. வேப் மட்டும் தப்பா? இங்கிலாந்துல கவர்மெண்டே சிகரெட்டை விட வேப் கொடுக்குதாமே?"

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். 2023-ல் இங்கிலாந்து அரசு பத்து லட்சம் பேருக்கு வேப் கொடுத்து சிகரெட்டை விட வைக்கும் திட்டத்தை அறிவித்தது உண்மை. சிகரெட்டை விடுவதற்கு நிக்கோடின் கம், பேட்சை விட வேப் கூடுதலாக உதவுகிறது என்று காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. சிகரெட்டைக் கடையில் தொங்கவிட்டு வேப்பை மட்டும் தடை செய்ததில் ஒரு முரண் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஆனால் அங்கே நிக்கோடினுக்கு வரம்பு உண்டு, பதிவு செய்த பொருள்தான் விற்கலாம், கேள்வி கேட்க அதிகாரி உண்டு. அதே நாடுதான் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பிடித்துத் தூக்கிப்போடுகிற வேப்பைத் தடை செய்தது. அங்கே கொடுப்பது இருபது வருஷம் சிகரெட் குடித்தவர் அதை விட. நம்மில் எத்தனை பேர் சிகரெட்டை விட வேப்புக்கு வந்தோம்? நான் வரலை. ஃப்ரெஷர்ஸ் டே ராத்திரி, மொட்டை மாடியில், "சும்மா ஒரு பஃப்" என்று வந்தவன்.

சரி, மாற்றுக் கருவி வேண்டாம் என்றால் வேறு என்ன? வெறும் மனவுறுதி போதும் என்று சொன்னால் அது பொய். நிக்கோடின் போனதும் முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் கவனம் நிற்காது. அப்புறம் சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். அந்த நாட்களைத் தாண்டத்தான் நிக்கோடின் கம் இருக்கிறது. 2 மில்லிகிராம் கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 2022-ல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நிக்கோடின் மாற்று மருந்து சேர்ந்திருக்கிறது. பபிள்கம் மாதிரி மெல்லாதீங்க. நாக்கில் காரம் தெரிகிற வரை மெதுவாக மென்று, கன்னத்து ஓரமாக ஒதுக்கி வைக்கணும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லணும். டீ, காபி குடித்த உடனே போட்டால் சரியாக உறிஞ்சாது. எத்தனை கம், எத்தனை நாள் என்பதை டாக்டரிடமே கேளுங்க. இதில் அளவு தெரியும், தயாரித்த கம்பெனி தெரியும், பில் கிடைக்கும். அப்பாவின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

அடுத்து, 1800-11-2356. மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். நம்ம மாம்பழப் பெட்டியில் அது இருக்காது.

எனக்கு உதவின இன்னொரு விஷயம், வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட ஏலக்காய்ப் பொட்டலம். அது மருந்து இல்லை, வாய்க்கு ஒரு வேலை, அவ்வளவுதான். ஏக்கம் வந்தால் சில நிமிஷம்தான் ஆட்டிவைக்கும். ஒரு காயை மெல்லுகிற நேரம்.

காலேஜுக்கும் ஒரு வார்த்தை. ஹாஸ்டலில் ரூம் ரூமாகச் சோதனை போட்டு, அபராதம் போட்டு, வீட்டுக்கு போன் போடுகிறீர்கள். யாரும் விட்டதாகத் தெரியவில்லை, ஒளித்து வைக்கிற இடம்தான் மாறுகிறது. விற்கிறவனைப் பிடியுங்கள், சரி. மாட்டிக்கொண்ட பையனை முதல் தடவை கவுன்சிலரிடம் அனுப்புங்கள். அந்த உதவி எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஹெல்த் சென்டரில் கம் வாங்கி வையுங்கள். செத்த வேப்பைப் போட ஒரு பெட்டி வையுங்கள், பேர் கேட்காமல். குப்பைத் தொட்டியில் நசுங்குகிற லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதை நமக்குள் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தம்பிக்கு வருகிறேன். அவன் வேப்பை நான் பிரிக்கவே இல்லை. "இது செத்ததே நல்லதுடா, இன்னைக்கே ஆரம்பிக்கலாம்" என்றேன். முகம் சுளித்துக்கொண்டுதான் போனான். நாலாவது நாள் அவனே வந்தான். "நடுவுல ஒருநாள் ரூம்மேட்டோடதை இழுத்துட்டேன்ணே" என்று தலையைச் சொறிந்தான். நானும் ரெண்டு தடவை சறுக்கினவன்தான், அதையும் சொன்னேன். போன வாரம் கம் தீர்ந்துபோச்சு என்று வந்தான். சேர்ந்துபோய் வாங்கினோம். கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்தார்.

உங்களுடையது இன்றைக்கு ராத்திரி செத்துப்போனால், அடுத்ததை ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் மட்டும் தள்ளிப்போட்டுப் பாருங்க. இல்லை, நம்ம பிளாக்கில் மூன்றாவது மாடிக்கு வாங்க. அம்மா கொடுத்தனுப்பினதில் இன்னும் அரைப் பொட்டலம் ஏலக்காய் இருக்கு.