செவ்வாயிலும் கதை கேட்பர்

இலக்கண பாடத்தின்போது மாணவன் ஒருவன் மேசைக்கடியில் ஒளித்துப் படித்த விஞ்ஞானக் கதைநூலைச் சென்ற மாதம் பறித்துவைத்தேன். பாடம் முடிந்ததும் அவன் வந்து, "ஐயா, மனிதர் செவ்வாயிலே குடியேறிவிட்டால், அங்கே பிறக்கும் பிள்ளைகள் செவ்வாய்ப் பயணக் கதையைப் படிப்பார்களா?" என்று வினாவினான். "புதுமை தீர்ந்த இடத்திலே சுவை ஏது?" என்று கூறி அனுப்பினேன். அவ்விடை பிழையெனப் பின்னர் உணர்ந்தேன்.

1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டவர் ஆதர் சி. கிளார்க். அவர் இங்கு வருமுன், 1951இல் வெளியிட்ட செவ்வாய்ப் பயண நாவலின் தலைவன் ஒரு விஞ்ஞானக் கதாசிரியன். விண்கப்பலோர் அவனுடைய பழைய கதைகளைக் குறித்து அவனோடு உரையாடுகின்றனர். உண்மைப் பயணம் கைகூடியபின் கற்பனைப் பயணத்துக்கு மதிப்புண்டோ என்னும் வாதம் கதைக்குள்ளேயே எழுகின்றது.

இதற்கு 1969இல் வாழ்க்கையே விடை தந்தது. சந்திரனிலிருந்து திரும்பும் வழியிலே ஆம்ஸ்ட்ராங் உலகத்தாரோடு பேசியபோது, ஜூல்ஸ் வெர்னின் சந்திரப் பயணக் கதையை நினைவுகூர்ந்தார். 1865இல் வெளியான அக்கதையிலே மூவர் பீரங்கியால் எறியப்படுகின்றனர். அது நடவாதென்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? ஆயினும் சந்திரனை மிதித்தவருக்கும் அக்கதை பழங்குப்பையாகவில்லை.

தொல்காப்பியர் மருட்கை என்னும் மெய்ப்பாட்டுக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன் வகுத்தார். புதுமை அவற்றுள் ஒன்றே. அது கழிந்தாலும், அண்டத்தின் பெருமையும், அதன்முன் மனிதனின் சிறுமையும், ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கமும் கழிவதில்லை. வகுப்பிலே பலமுறை உரைத்த இதனை நானே மறந்திருந்தேன்.

சிலப்பதிகாரத்திலும் இவ்வுண்மை உண்டு. மதுரைப் புறஞ்சேரியிலே மனம் உடைந்து நிற்கும் கோவலனுக்குக் கவுந்தியடிகள் இராமன் கதையையும் நளன் கதையையும் எடுத்துரைக்கின்றார். அவை அவன் முன்னரே அறிந்த கதைகள். அவற்றிலே புதுமை இல்லை. ஆயினும் காப்பிய மாந்தன் ஒருவனுக்குக் காப்பியக் கதையே ஆறுதலாகின்றது. அவ்வாறே, செவ்வாயிற் பிறக்கும் பிள்ளையும் நம் கதைகளைப் படிக்கும். முன்னோர் தன்னை எவ்வாறு கனவு கண்டனர் என்று வியக்கும். வியாழனை நோக்கித் தானும் கதை புனையும்.

தமிழில் விஞ்ஞானக் கதை எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். எதிர்கால மாந்தர்க்கு இயந்திரங்களை வாரி வழங்கும் நீங்கள் அவர்கள் கையிலே ஒரு கதைநூலையும் கொடுங்கள். சுஜாதா 'என் இனிய இயந்திரா'விலே ஜீனோ என்னும் இயந்திர நாயையே நூல் படிக்க வைத்தார். நாய்க்கு வாய்த்தது மனிதர்க்கு வாய்க்கலாகாதோ?

பண்டிதர்களாகிய நமக்கும் கடமையொன்று உண்டு. விஞ்ஞானக் கதை சிறுவர் விளையாட்டன்று. அது மருட்கையின் இக்கால வடிவம். அதனை ஒதுக்கினால், மாணவரை நாமே தமிழிலிருந்து ஒதுக்கியவராவோம். பறித்த நூலை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன் நானும் ஒருமுறை படித்தேன்.