துப்பறிவாளன் படமும் எங்கள் வீட்டு வழக்கும்

 கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது படித்தால் போதும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் சேர்ந்து மிஷ்கின் இயக்கிய 'துப்பறிவாளன்' படத்தை மறுபடியும் பார்த்தார்கள். 2017-இல் வந்த படம். ஷெர்லாக் ஹோம்ஸை மனதில் வைத்து உருவாக்கிய கணியன் பூங்குன்றனாக விஷாலும், வாட்சனைப் போன்ற மனோவாக பிரசன்னாவும் நடித்திருப்பார்கள். படம் முடிந்ததும் தொடங்கிய வழக்கு ராத்திரிச் சாப்பாடு வரை ஓயவில்லை.

மருமகன் சொன்னான்: "மாமா, இது ஹோம்ஸே இல்ல. கம்பர்பேட்ச் நடிச்ச பிபிசி தொடரைப் பாருங்க, அப்பத் தெரியும்."

பேத்திக்கு வேறு கோபம்: "பாட்டா, அந்த மல்லிகாவ இப்பிடி விரட்டுகானே, இவன் என்ன பெரிய அறிவாளி?"

அண்ணனுக்குப் படம் பிடித்துவிட்டது: "நாய்க்குட்டியக் கொன்னவன் யாருன்னு கேட்டு வந்த சின்னப் பையனோட கேஸை எடுத்தான் பாத்தியா, அதுக்கே பாக்கலாம்."

அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தொடக்கம் அருமை. பேத்தி சொன்னதும் சரி. தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எனக்கு அது கூடுதலாகவே உறுத்தியது. கணியன் என்றால் கணித்துச் சொல்பவன், துப்பறிகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் அந்தப் பெயருக்குரிய புலவர் புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவே மாட்டோம் என்கிற கருத்தைச் சொன்னவர். படத்துக் கணியனோ பிக்பாக்கெட் அடித்துப் பிழைத்த ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்து எரிந்து எரிந்து விழுகிறான்.

மருமகன் சொன்னதைத்தான் நான் ஏற்கவில்லை. ஹோம்ஸ் அப்படியே வரவேண்டும் என்பது என்ன சட்டம்? நூறு வருடம் முன்பே ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸை ஆனந்த சிங் ஆக்கித் தமிழில் உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் திகம்பர சாமியாரை 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக எடுத்தது. நாம் வில்லனாகவே அறிந்த நம்பியார் அதில் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நாயகனாக வந்தார். வேட்டி கட்டினாலும் கோட்டு போட்டாலும் ஆள் ஹோம்ஸாக இருக்கலாம்.

என் குறை வேறு. கணியன் ஒரு பொருளைப் பார்க்கிறான், படபடவென்று முடிவைக் கொட்டுகிறான், அடுத்த இடத்துக்கு ஓடிவிடுகிறான். பக்கத்தில் மனோ நிற்கிறார், ஓடுகிறார், உதவுகிறார். "அது எப்படித் தெரிந்தது?" என்று நமக்காக நிறுத்திக் கேட்கும் வேலையை மட்டும் அவருக்கு யாரும் போதுமான அளவு கொடுக்கவில்லை. அதனால் கணியனைப் பார்த்து நாம் அசந்து போகிறோம், கூடச் சேர்ந்து யோசிப்பதில்லை.

கானன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள், நாவல்களையும் சேர்த்து, 60. அதில் 56-ஐச் சொல்கிறவர் வாட்சன். ஹோம்ஸே சொல்பவை இரண்டுதான். இது ஏன் என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஹோம்ஸ் பிறந்தது ஒரு வகுப்பறையில்! எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது டாயிலுக்கு ஜோசப் பெல் என்று ஒரு வாத்தியார். வந்த நோயாளி ஒருவரைப் பார்த்ததும், பட்டாளத்திலிருந்து சமீபத்தில் விலகியவர், பார்படோஸ் தீவில் இருந்தவர் என்று சொல்லிவிட்டார். மாணவர்கள் விழித்தார்கள். பெல் விளக்கினார்: மரியாதையான மனிதர், ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை, அது பட்டாளப் பழக்கம். விலகி நாளாகியிருந்தால் ஊர் வழக்கம் படிந்திருக்கும். வந்திருப்பது யானைக்கால் நோய், அது ஸ்காட்லாந்தில் வருவதல்ல, அந்தத் தீவுப் பக்கம் வருவது. விளக்கம் கேட்டபிறகு எல்லாம் எளிதாகத் தெரிந்ததாம். அந்த விளக்கத்துக்காகத்தான் வாட்சன்.

நம் ஊரில் பால்வெட்டில் தேர்ந்தவர்களைப் பாருங்கள். ரப்பர் மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தே முன்பு வெட்டியவன் கத்தியை ஆழமாக இறக்கியிருக்கிறான் என்பார்கள். கேட்டால் காரணமும் வரும்: ஆழமாக வெட்டினால் உள்ளே காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த மரத்தை நாமே பார்த்துச் சொல்லிவிடலாம்.

மருமகனுக்கு நான் கொடுத்த பதில் சேதுராமய்யர். 1988-இல் கே. மது இயக்கி, எஸ்.என். சுவாமி எழுதி, மம்மூட்டி நடித்த 'ஒரு சிபிஐ டயரிக்குறிப்பு'. நம் பக்கத்தில் அதைப் பார்க்காத வீடு குறைவு. நெற்றியில் குறி, பின்னால் கட்டிய கை. ஹோம்ஸின் சாயல் ஒரு துளி கிடையாது. ஆனால் மாடியிலிருந்து விழுந்து செத்த பெண் தானே குதித்தாளா, தூக்கிப் போடப்பட்டாளா என்று அறிய, ஆளளவு பொம்மையை மேலிருந்து போட்டுப் பார்க்கிறார்களே! பொம்மை எங்கே விழுகிறது என்று உதவியாளர்களோடு சேர்ந்து நாமும் கழுத்தை நீட்டுகிறோம். முடிவு அய்யர் வாயில் வருமுன்னே நம் வாயில் வந்துவிடுகிறது. 2022-இல் ஐந்தாம் படம் வரை ஜனங்கள் அவரை விடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

துப்பறிவாளன் இரண்டாம் பாகத்தை லண்டனில் தொடங்கினார்கள். 2020-இல் மிஷ்கினும் விஷாலும் பிரிந்து, தானே இயக்குவதாக விஷால் அறிவித்தார். அது வந்தால் சண்டைக் காட்சியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மனோ கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மருமகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே எழுதுவான், அதையும் படியுங்கள் மக்களே.