ஒரே முதலாளி, பல பேரு, பல கொடி: கப்பல்ல நோய் வந்தா யார் பொறுப்பு?

1/ சொகுசுக் கப்பல் டூர் விளம்பரம் இப்ப எங்க பார்த்தாலும் வருது. போறது தப்பில்ல. ஆனா டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கப்பல் யாரோடதுன்னு பாருங்க. ஒரு டாக்டர் ஏன் இதைச் சொல்லணும்? சின்ன த்ரெட்.

2/ கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, ஐடா, கியூனார்டு, பி அண்ட் ஓ, சீபோர்ன். பார்க்க எட்டு கம்பெனி. உரிமையாளர் ஒருத்தர்தான்: கார்னிவல் கார்ப்பரேஷன். 90 கப்பல் வரை கையில இருக்கு. அலாஸ்காவுல ஹோட்டல், பஸ், ரயில் பெட்டி எல்லாம் தனி.

3/ 1972-ல மயாமியில ஒரே கப்பலோட ஆரம்பிச்சது. 1989-ல ஹாலந்து அமெரிக்கா, 1998-ல கியூனார்டு, 2003-ல பிரின்சஸ்னு போட்டிக் கம்பெனிகளையே வாங்கி வளர்ந்தாங்க. பழைய பேரை மட்டும் மாத்தல. வியாபாரத்துல இது கெட்டிக்காரத்தனம்தான்.

4/ நோய் வந்தப்பதான் சிக்கல் தெரிஞ்சது. பிப்ரவரி 2020, டைமண்ட் பிரின்சஸ். கப்பல் நின்னது ஜப்பான்ல. கொடி பிரிட்டனோடது. நடத்தினது அமெரிக்கக் கம்பெனி. தாய்க் கம்பெனியோட பதிவு பனாமாவுல. உள்ள 3,711 பேர். அதுல 712 பேருக்குத் தொற்று.

5/ பயணிகளை அறைக்குள்ளயே இருக்கச் சொன்னாங்க. ஊழியர்கள்? அறை அறையா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாங்க, ராத்திரி ஒரே அறையில சேர்ந்து படுத்தாங்க. இதுக்குப் பேரு தனிமைப்படுத்தலா? அந்தக் கப்பல்ல இருந்த 138 இந்தியர்கள்ல 132 பேர் ஊழியர்கள்.

6/ அடுத்த மாசமே அதே குடும்பத்துக் கப்பல் ரூபி பிரின்சஸ் சிட்னிக்கு வந்துச்சு. சுமார் 2,700 பயணிகள் இறங்கி வீட்டுக்குப் போனாங்க. அந்தக் கப்பலோட தொடர்புள்ள மரணம் 28. கம்பெனி கவனக்குறைவா நடந்துச்சுன்னு ஆஸ்திரேலிய நீதிமன்றம் சொன்னது அக்டோபர் 2023-ல. மூணரை வருஷம்!

7/ "யாராலயும் எதிர்பார்க்க முடியாத கொள்ளைநோய், கம்பெனி என்ன பண்ணும்?"னு கேக்கலாம். முதல் கப்பலுக்கு அந்த வாதம் ஓரளவு சரி. ஒரே முதலாளியோட அடுத்த கப்பலுக்கும் அதையே சொல்ல முடியுமா?

8/ வார்டுல ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு யூனிட், ஒரு டூட்டி டாக்டர் உண்டு. ராத்திரி 2 மணிக்கு மூச்சுத்திணறல்னா யாரைக் கூப்பிடணும்னு நர்ஸுக்குத் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து பொறுப்புன்னா யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம்.

9/ என் கருத்து இதுதான். கொடி எதுவா இருந்தாலும், லாபம் கடைசியா போய்ச் சேர்ற தாய்க் கம்பெனியே சிகிச்சைக்கும் ஊழியர்களோட தனி அறைக்கும் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தாதான் துறைமுகத்துல அனுமதி.

10/ கப்பல் வேலைக்குக் கிளம்புற தம்பி, தங்கச்சிகளே: ஏஜென்ட்டுக்கு டிஜி ஷிப்பிங் லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க. ஒப்பந்தத்துல எந்தக் கம்பெனி கையெழுத்துப் போடுது, உடம்பு சரியில்லைன்னா செலவு யாரோடதுன்னு படிங்க. புரியலைன்னா கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.